பழைய ஒலிபெருக்கிகளைச் செப்பனிடுதல்

நம் நாட்டுப் பள்ளிகளிலும், ஊராட்சி அலுவலகங்களிலும், படிப்பகங்களிலும் பழைய வானொலிப் பெட்டிகள் இன்னும் சில மூலையில் கிடப்பதைக் காணலாம். கிராம மக்கள் ஒன்றுகூடி அமர்ந்து நிகழ்ச்சிகளைக் கேட்பது ஒரு காலத்தில் பெருவழக்காய் இருந்தது. 1956-இல் யுனெஸ்கோவின் துணையுடன் அகில இந்திய வானொலி புனே வட்டாரத்தில் நடத்திய கிராம வானொலி மன்றச் சோதனையில் சுமார் 150 கிராமங்கள் பங்குகொண்டன. 1959-இல் அம்முறை நாட்டின் பிற பகுதிகளுக்கும் பரவியது. அக்காலப் பெட்டிகளுள் ஒன்று தம் பொறுப்பில் வந்து சேரும்போது, அதனை மீண்டும் பேச வைக்க வேண்டும் என்ற ஆவல் ஆசிரியருக்கும் களப்பணியாளருக்கும் எழுவது இயல்பே.

வால்வு கெட்டால் வேறு வால்வு தேடிப் பெறலாம். கண்டென்சர் கெட்டால் புதிதாக வாங்கிப் பொருத்தலாம். ஒலிபெருக்கியின் நிலை வேறு. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் காகிதக் கூழினால் வார்க்கப்பட்ட அதன் கூம்பு மறுபடியும் அதே வடிவில், அதே எடையில், அதே காகிதத்தில் கிடைப்பது அரிது. அந்தப் பெட்டியின் குரல் என்று நாம் கூறுவதில் பெரும்பகுதி அக்கூம்பின் குரலேயாகும். காலத்தின் தாக்குதலுக்குத் தப்பி நின்ற ஒலிபெருக்கி, நோய் இன்னதென்று அறியாமல் கைவைத்தவரிடம் ஒரே மாலையில் பாழாவதுண்டு. ஆகவே செப்பனிடும் வகையைக் காட்டிலும் சோதித்தறியும் வகையையே இங்கு விரிவாகக் கூறுவோம்.

ஒரு சொல் விளக்கம்: மின்குறியைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிபையரையும் மக்கள் ஒலிபெருக்கி என்றே வழங்குகின்றனர். இக்கட்டுரையில் அச்சொல் ஸ்பீக்கரை மட்டும் குறிக்கும்.

அமைப்பு

இன்று நாம் காணும் கூம்பு ஒலிபெருக்கியின் அமைப்பை 1925-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் வெளியிட்டனர். நூறு ஆண்டுகளாகியும் அதன் அடிப்படை மாறவில்லை. ஒரு காந்தத்தின் நடுத் தண்டுக்கும் அதைச் சூழ்ந்த இரும்பு வளையத்துக்கும் இடையே சுமார் 1 மி.மீ. அகலமுள்ள வட்ட வடிவமான இடைவெளி உண்டு. அவ்விடைவெளியில், தண்டையும் தொடாமல் வளையத்தையும் தொடாமல், மெல்லிய செப்புக்கம்பிச் சுருள் ஒன்று தொங்குகிறது. இதனை ஒலிச்சுருள் என்போம். பழுதுபார்ப்போர் காயில் என்பர். சுருளின் மேல் கூம்பு ஒட்டப்பட்டுள்ளது. கூம்பின் வெளிவிளிம்பு உலோகச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும். அதன் கழுத்தை நடுவில் நிறுத்துவதற்காக மடிப்புகளுள்ள ஒரு துணி வட்டம் அமைக்கப்பட்டுள்ளது. அதற்கு ஸ்பைடர் என்று பெயர். நடுவில் உள்ள சிறு குமிழ், இடைவெளியில் தூசி விழாமல் காக்கும் மூடி.

சுருளில் மின்னோட்டம் பாயும்போது அது முன்னோ பின்னோ தள்ளப்படுகிறது. தள்ளும் விசையைக் கணக்கிடுவது எளிது. காந்தப்புலம் 0.8 டெஸ்லா, புலத்தினுள் உள்ள கம்பியின் நீளம் 5 மீட்டர், மின்னோட்டம் 0.23 ஆம்பியர் என்று கொண்டால், விசை 0.8 × 5 × 0.23 = 0.92 நியூட்டன். இது ஏறக்குறைய 94 கிராம் எடைக்குச் சமம். இச்சிறு விசைதான் வகுப்பறை முழுதும் கேட்கும் ஒலியை எழுப்புகிறது. சுருளுக்குள் செல்லும் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கு அளவே ஒலியாக மாறுகிறது, எஞ்சியது வெப்பமாகிவிடும். பெரிய ஆம்ப்ளிபையரில் இணைத்த சிறிய ஒலிபெருக்கி கருகுவதன் காரணமும் இதுவே.

தொடுவதற்கு முன்

வால்வுப் பெட்டியில் ஒலிபெருக்கியை அணுகுவோர் முதலில் தம் உயிரைக் காத்துக்கொள்ள வேண்டும். இப்பெட்டிகளில் 200 முதல் 300 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் உண்டு. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் வடிகட்டும் கண்டென்சர்கள் அதனைத் தேக்கி வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கியபின், 10,000 ஓம் அளவும் சில வாட் திறனும் உள்ள ஒரு மின்தடையைக் காப்பிட்ட கம்பிகளால் கண்டென்சரின் இரு முனைகளிலும் சில விநாடிகள் இணைத்து மின்னேற்றத்தை வடித்துவிட வேண்டும். பின்னர் மல்டிமீட்டரால் அளந்து பார்க்க வேண்டும். ஏ.சி., டி.சி. இரண்டிலும் இயங்கும் பெட்டிகளில் உலோக அடித்தட்டே மின்வழியோடு நேராக இணைந்திருக்கும். அவற்றை, இத்தொழில் நன்கு அறிந்தவர் அருகில் இல்லாமல் திறவாதிருப்பதே நலம். பழைய பெட்டியை நேரே மின்சாரத்தில் மாட்டிப் பேசுகிறதா என்று பார்க்கும் வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும்.

1940-க்கு முற்பட்ட பெட்டிகளில் நிலையான காந்தத்திற்குப் பதிலாக மின்காந்தம் இருப்பதுண்டு. ஒலிபெருக்கிக்கு இரண்டு கம்பிகளுக்குப் பதிலாக நான்கோ அதற்கு மேற்பட்டோ வந்தால் அது இவ்வகையாக இருக்கலாம் என்று ஐயுற வேண்டும். பல பெட்டிகளில் அம்மின்காந்தச் சுருள் உயர் அழுத்த மின்வழியிலேயே தொடராக அமைந்து, மின்சாரத்தின் இரைச்சலை வடிகட்டும் வேலையையும் செய்கிறது. 1,000 ஓம் சுருளில் 80 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் அதன் குறுக்கே மட்டும் 80 வோல்ட் நிற்கும். இதனைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரணக் காந்த ஒலிபெருக்கியை மாட்டுவோர், அச்சுருளின் இடத்தில் அதற்கு இணையான மின்தடையும் சோக்கும் சேர்க்காவிட்டால் பெட்டி பேசாது, பேசினாலும் இரையும்.

வேறோர் எச்சரிக்கையும் உண்டு. வால்வு ஆம்ப்ளிபையரை ஒலிபெருக்கி இணைக்காமல் இயக்கலாகாது. வெளியீட்டு வால்வுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே ஒரு மின்மாற்றி உள்ளது. 5,000 ஓம் சுமையை 4 ஓம் சுமையோடு பொருத்த, அதன் சுற்றுகளின் விகிதம் 1,250-இன் வர்க்கமூலம், அதாவது சுமார் 35-க்கு 1, இருக்க வேண்டும். ஒலிபெருக்கி கழன்றிருக்கையில் குறி பாய்ந்தால், மின்மாற்றியின் முதற்சுருளில் மிக உயர்ந்த அழுத்தம் எழுந்து காப்பு எரிந்துபோகும். ஒலிபெருக்கியைச் சோதிக்கப்போய் மின்மாற்றியை இழப்பது வீண் செலவன்றோ?

திறவாமல் சோதித்தல்

ஒலிபெருக்கியைப் பெட்டியிலிருந்து கழற்றி மேசைமேல் வைக்கும்முன் மேசையைத் துடைத்துச் செய்தித்தாள் விரிக்க வேண்டும். அரம் தேய்த்த இரும்புத்தூள் ஒரு சிட்டிகை இருந்தாலும் காந்தம் அதனை இழுத்துக்கொள்ளும். பின்பு அதை எடுப்பது பெருந்தொல்லை. திருப்புளி காந்தத்தால் இழுக்கப்பட்டுக் கூம்பைக் குத்திக் கிழிப்பதும் அடிக்கடி நேர்வதே. திருகும்போது மற்றொரு கையால் கூம்பை ஓர் அட்டையால் மறைத்துக்கொள்க.

முதலில் மல்டிமீட்டரால் சுருளின் தடையை அளக்க வேண்டும். 8 ஓம் என்று குறித்த ஒலிபெருக்கி 6 முதல் 7 ஓம் காட்டும். 4 ஓம் என்பது மூன்றரைக்கு அருகில் காட்டும். குறித்த அளவு மாறுமின்னோட்டத்துக்குரியது. மீட்டர் அளப்பது கம்பியின் நேர்த்தடையை மட்டுமே. இதனை அறியாமல் சுருள் பாதி கெட்டுவிட்டது என்று முடிவு செய்தல் தவறு. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பிலிப்ஸ் நிறுவனத்தின் சில வால்வுப் பெட்டிகளில் வெளியீட்டு மின்மாற்றியே கிடையாது. 800 ஓம் சுருளுள்ள ஒலிபெருக்கியை வால்வுகளே நேரடியாக இயக்கும். மீட்டரில் பல நூறு ஓம் கண்டு, கெட்டது என்று எறிந்து, 8 ஓம் ஒன்றைப் பொருத்துவோர் பெட்டியையும் கெடுப்பர். எறியப்பட்ட அந்த ஒலிபெருக்கியோ இன்று பணம் கொடுத்தாலும் கிடைப்பதில்லை.

மீட்டர் ஒன்றுமே காட்டாவிடில் வழி அறுந்துள்ளது என்று பொருள். சுருள்தான் அறுந்தது என்று அதனால் ஆகாது. கூம்பின்மேல் பொட்டுப்போல் காணும் பற்றவைப்பு முனைகளில் மீட்டரை வைத்து மீண்டும் அளக்க வேண்டும். அங்கே சரியான தடை காட்டினால், அறுந்தது வெளியே தொங்கும் நெகிழ்கம்பியே. பல்லாயிரம் முறை அசைந்து அசைந்து அது ஒடிவது இயற்கை. செப்பனிடுவதும் எளிது: அதே நீளம், அதே தொய்வு உள்ள நெகிழ்கம்பியைப் பொருத்தலாம். பற்றாசு குறைவாக இருக்கட்டும். அது கம்பியிழைகளுக்குள் ஊறிச் சென்றால் அவ்விடம் விறைத்து மறுபடியும் அங்கேயே ஒடியும்.

அடுத்து, 1.5 வோல்ட் டார்ச்சு மின்கலம் ஒன்றை முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும். கூம்பு துள்ளி, 'டக்' என்ற ஒலி எழும். பெரும்பாலானவற்றில், குறியிட்ட முனையில் மின்கலத்தின் நேர்முனையைத் தொட்டால் கூம்பு வெளிநோக்கி நகரும். தொட்டபடியே வைத்திருத்தல் கூடாது.

காந்தம் வலுவிழந்துள்ளதா என்று அறியக் கருவி எதுவும் தேவையில்லை. முனைகள் தனித்திருக்கையில் கூம்பை விரல் நுனியால் மெல்லத் தட்டுக. சிறு முரசுபோல் 'தொம்' என்று ஒலிக்கும். பிறகு இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டுத் தட்டுக. காந்தம் நன்றாயிருந்தால் ஒலி சட்டென்று அடங்கிக் கட்டையாகும். சுருள் அசையும்போது அதில் தோன்றும் மின்னோட்டம் அவ்வசைவையே எதிர்ப்பதுதான் காரணம். இரண்டு ஒலிக்கும் வேறுபாடே இல்லையெனில் காந்தம் தளர்ந்துள்ளது, அல்லது சுருள் அறுந்துள்ளது. மின்காந்த வகைக்கு இச்சோதனை பொருந்தாது.

உராய்வு

இரு கை விரல்களையும் கூம்பின் எதிரெதிர்ப் பக்கங்களில், நடுமூடிக்கு அருகே வைத்துச் சமமாக அழுத்தி விடுக. காதை அருகில் வைத்துக் கேட்க. ஓசையின்றி இறங்கி ஏறினால் நன்று. மணல் தேய்ப்பதுபோன்ற ஒலி கேட்டால் சுருள் எங்கோ உராய்கிறது. கரகரத்த குரலுக்கு மிகப் பெரும்பாலும் இதுவே காரணம். எனினும் எல்லா உராய்வும் ஒரே நோயன்று.

ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்தும்போது உராய்வு மறைந்தால், கூம்பு நடுவிலிருந்து விலகியுள்ளது எனலாம். செங்குத்தாக நிறுத்திய ஒலிபெருக்கியில் பல்லாண்டு எடையால் ஸ்பைடர் கீழ்நோக்கித் தொய்வதுண்டு. இதற்கு எளிய மருந்து, ஒலிபெருக்கியைத் தலைகீழாகத் திருப்பி, மேற்பக்கம் கீழாக வருமாறு மீண்டும் பொருத்துவதே. சில மாதங்களில் எடையே அதனை நடுவுக்குக் கொணரும். பசையும் கத்தியும் இன்றி முடியும் இவ்வைத்தியத்தை முதலில் செய்து பார்க்காமல் வேறெதையும் தொடங்கலாகாது.

1930-களின் ஒலிபெருக்கிகள் சிலவற்றில் ஸ்பைடர் கூம்பின் நடுவில் ஒரு திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கும். அதைத் தளர்த்தி, சுருளுக்கும் தண்டுக்கும் இடையே ஒரே கனமுள்ள மூன்று அல்லது நான்கு காகிதப் பட்டைகளைச் செருகி, திருகாணியை இறுக்கிப் பட்டைகளை உருவிவிட்டால் போதும். பிற்கால ஒலிபெருக்கிகளுக்கு இவ்வசதியைத் தராமல் விட்டது செப்பனிடுவோருக்குப் பெருங்குறைதான்.

எப்படிச் சாய்த்தாலும் உராய்ந்தால், இடைவெளியில் துருவோ இரும்புத்தூளோ உள்ளது, அல்லது சுருளின் காகிதக் குழல் ஈரத்தால் உப்பியுள்ளது. கடற்கரை ஊர்களிலும் நீண்ட மழைக்காலமுள்ள மலையாளக் கரை, அசாம் முதலிய இடங்களிலும் இது மிகுதி. ஈரம் என்று ஐயமிருந்தால், ஒலிபெருக்கியை ஓர் அட்டைப்பெட்டியில் காற்றோட்டத்துடன் வைத்து, சிறு குண்டு பல்பின் இளஞ்சூட்டில், பல்பு அட்டையையும் கூம்பையும் நெருங்காதவாறு, அரைநாள் உலர்த்திவிட்டு மறுபடியும் சோதிக்கலாம். அந்நேரம் முழுதும் ஒருவர் உடனிருக்க வேண்டும். தூள் என்று தெளிந்தால், நடுமூடியை அதன் பசையில் சிறிது தின்னர் தடவி இளக்கி எடுக்க வேண்டும். தின்னரின் ஆவி தீப்பற்றும். சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். பின் ஒட்டுநாடாவைப் பசைப்பக்கம் வெளியே இருக்குமாறு மெல்லிய அட்டையில் சுற்றி, இடைவெளிக்குள் விட்டு எடுத்தால் தூள் ஒட்டிக்கொண்டு வரும். ஊசி, பிளேடு முதலிய எஃகுப் பொருள்கள் இங்கே கூடவே கூடாது.

காந்தத்தைப் பிரித்துச் சுத்தம் செய்யலாமே என்று தோன்றும். செய்யற்க. 1950-களிலும் 1960-களிலும் வந்த ஒலிபெருக்கிகள் பலவற்றில் உள்ளது அல்நிக்கோ என்னும் அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்புக் கலவை. அதன் இரும்புச் சூழலை விட்டுப் பிரித்தவுடன் காந்தசக்தியில் பெரும்பங்கு குன்றிவிடும். தொழிற்சாலையில் மறுபடியும் காந்தமேற்றினாலன்றி அது திரும்பாது.

கிழிந்த கூம்பு

கூம்பில் கிழிசல் கண்டவுடன் கடைக்காரர் 'கோன் மாற்றிவிடலாம்' என்பார். அவர்மேல் குற்றமில்லை, அரைநாள் உட்கார்ந்து காகிதம் ஒட்டுவதற்கு யார் கூலி தருவார்? ஆனால் அந்த அரைநாள் நம்மிடம் உண்டு.

மிக மெல்லிய, நார் நீண்ட காகிதமே இதற்கு ஏற்றது. தேயிலைப் பையின் காகிதம் நன்கு உதவும். அதனைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழிக்க வேண்டும். அப்போதுதான் ஓரம் நாராகப் பிரிந்து கூம்போடு இழையும். கிழிசலுக்கு இருபுறமும் 5 மி.மீ. அளவு மிகுந்திருந்தால் போதும். மரவேலைக்குரிய வெள்ளைப் பசையைச் சம அளவு நீரில் கரைத்து, தூரிகையைப் பிழிந்து, கூம்பின் பின்புறத்தில் மிகக் குறைவாகத் தடவி ஒட்டுக. நீர் மிகுந்தால் கூம்பு நெளியும். ஒருநாள் உலரவிட்டு, முன்புறத்தில் கிழிசலின் கோட்டில் மட்டும் ஒரு மயிரிழை பசை தடவலாம். அதற்குமேல் வேண்டா. எலி கடித்துத் துண்டே இல்லாமற்போன இடத்துக்கு, பயனற்ற வேறொரு கூம்பிலிருந்து அளவாகத் துண்டெடுத்துப் பதிக்கலாம்.

குறைவாக என்று வற்புறுத்துவதற்குக் கணக்கு உண்டு. கூம்பும் சுருளும் சேர்ந்த எடை 10 கிராம் என்க. கனத்த துணியும் பசையுமாக 2 கிராம் ஏறினால், கூம்பின் இயல்பான அதிர்வெண் 10/12-இன் வர்க்கமூல அளவுக்கு, அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 9 பங்கு இறங்கும். ஒலியும் சுமார் 1.6 டெசிபெல் குறையும். 2 கிராம் என்பது ஒரு சிறு தேக்கரண்டிப் பசையிலும் குறைவு. கூம்பு வலுப்பெறும் என்று முழுதும் வார்னிஷ் பூசுவோரை என்னென்பது!

விளிம்பின் மடிப்புகளில் வெள்ளைப் பசை ஆகாது. உலர்ந்ததும் விறைத்து, கூம்பின் அசைவைக் கட்டிவிடும். அங்கே நெகிழ்வுள்ள ரப்பர் பால் பசையும் மெல்லிய பட்டுத் துணியுமே தகும். 1970-கள் முதல் வந்த ஸ்டீரியோ ஒலிபெருக்கிகளுக்கோ வேறு நோய். அவற்றின் நுரை விளிம்பு, காற்றின் ஈரத்தாலும் வெப்பத்தாலும் பதினைந்து இருபது ஆண்டுகளில் தொட்டால் உதிரும் பொடியாகிவிடும். இதனை ஒட்டிப் பயனில்லை. விளிம்பு முழுதும் புதிதாக வாங்கி ஒட்ட வேண்டும். ஒட்டும்போது சுருள் நடுவில் நிற்பதற்கு, மூடியை எடுத்துவிட்டு, பழைய புகைப்படப் படச்சுருளில் நறுக்கிய நான்கு பட்டைகளைத் தண்டைச் சுற்றிச் சம தூரத்தில் செருகி, பசை இறுகிய பின் உருவ வேண்டும்.

சுருளே கருகியிருந்தால் நிலைமை வேறு. மூடியைத் திறந்து பார்த்தால் கம்பி கறுத்திருக்கும்; கரிந்த வாடையும் வரும். அதனைச் சுற்றித் தருபவர்கள் பெருநகரங்களில் இன்னும் உளர். பழைய சுருளின் சுற்றுகளின் எண்ணிக்கை, கம்பியின் கனம், குழலின் விட்டம், அடுக்குகள் ஆகிய நான்கையும் குறித்துக் கொடுக்க வேண்டும். கூம்பையும் ஸ்பைடரையும் மாற்றாமல் சுருளை மட்டும் மாற்றும்படி கேட்பது நல்லது.

கூம்பற்ற ஊதுகுழல் வகை

திருவிழாக்களிலும் பள்ளி மைதானங்களிலும் காணும் ஊதுகுழல் ஒலிபெருக்கியில் காகிதக் கூம்பு இல்லை. பின்னாலுள்ள யூனிட்டில் பேக்கலைட்டு போன்ற பொருளால் அல்லது அலுமினியத்தால் ஆன சிறு சவ்வு உண்டு, சவ்வும் சுருளும் சேர்ந்த உறுப்பு தனியாக விற்கப்படுகிறது, மாற்றுவதும் கடினமன்று. யூனிட்டைக் குழலிலிருந்து கழற்றி வைத்துப் பேசவிடுதல் மட்டும் கூடாது. குழலில் அடைபட்ட காற்றின் எதிர்ப்பு இல்லாமல் சவ்வு அளவுக்கு மீறி அசைந்து உடையும். ஒலி மங்கினால் முதலில் குழலின் உள்ளே பார்க்க. குளவி கட்டிய மண்கூட்டை அகற்றியதும் குணமான ஊதுகுழல்கள் பல. இவற்றுள் 100 வோல்ட் மின்மாற்றி பொருத்தியவற்றை மல்டிமீட்டரால் அளந்து எதையும் முடிவு செய்ய இயலாது. 10 வாட்டுக்குரிய இணைப்பு ஆம்ப்ளிபையருக்குக் காட்டும் சுமை 100 × 100 ÷ 10 = 1,000 ஓம்; மீட்டரோ முதற்சுருளின் கம்பித்தடையை மட்டும் அளப்பதால், அதனிலும் மிகக் குறைந்த எண்ணையே காட்டும்.

வகுப்பறையில்

செப்பனிட்ட ஒலிபெருக்கியைப் பெட்டியில் பூட்டுவதற்கு முன் ஒருநாள் வகுப்பறைக்குக் கொண்டுசெல்லலாம். அதன் முனைகளைக் கால்வனாமீட்டரில் இணைத்துக் கூம்பை அழுத்தினால் முள் ஒரு பக்கமும், விட்டால் மறு பக்கமும் சாயும். இரண்டு ஒலிபெருக்கிகளை நீண்ட இரட்டைக் கம்பியால் இணைத்து, ஒன்றை அடுத்த அறையில் வைத்து, ஒரு மாணவன் உரக்கப் பேசினால் மற்றொன்றில் காது வைத்தவனுக்கு மெல்லக் கேட்கும். மின்கலம் எதுவும் இல்லாமல் பேச்சு வருவதைக் கண்டு மாணவர் வியப்பர். கைப்பேசியில் உள்ள ஒலியெழுப்பும் செயலியைச் சிறு ஆம்ப்ளிபையர் வழியே இணைத்து, 40 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல உயர்த்திக்கொண்டு போனால், ஓரிடத்தில் கூம்பு மிகுதியாக ஆடுவதைக் கண்ணாலேயே காணலாம். அது அக்கூம்பின் இயல்பதிர்வெண். ஒலியளவு குறைவாகவே இருக்கட்டும். எங்கேனும் மறைந்து நின்ற உராய்வோ தளர்ந்த திருகோ இருந்தால் இப்போது தெரிந்துவிடும்.

பெட்டியில் பொருத்தும்போது திருகுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒன்றை முழுதும் இறுக்கினால் சட்டம் முறுகி, நடுவில் நின்ற சுருள் மீண்டும் உராயும். பின்பலகை தொலைந்திருந்தால் அவ்விடத்தில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டலாம். பலகை வைத்து அடைத்தால் வால்வுகளின் சூடு வெளியேறாது. கூம்பின் காகிதத்தை இராமபாணப் பூச்சி விரும்பி அரிக்கும். ஆதலின் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைப்பதும், மாதம் ஒருமுறையேனும் பேசவிடுவதும் நலம். சுருளின் தடை, செப்பனிட்ட நாள், எங்கே என்ன பசை இடப்பட்டது என்பவற்றை ஓர் அட்டையில் எழுதிப் பெட்டியின் உட்புறத்தில் கட்டிவிடுக. கழற்றிய பழைய உறுப்புகளையும் ஓர் உறையிலிட்டு அங்கேயே வைக்க.